ஒரு டிரேட் தவறா இல்லையா: ஐந்து கணக்குகள், எதை எப்போது நம்புவது?

2016 ஜூன் 29 அன்று, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில், எட்மன்டன் ஆயிலர்ஸ் அணி முன்கள வீரர் டெய்லர் ஹாலை நியூ ஜெர்சி டெவில்ஸுக்குக் கொடுத்துவிட்டுத் தடுப்பாட்டக்காரர் ஆடம் லார்சனை வாங்கியது. ஆளுக்கு ஆள் டிரேட் (வீரர் பரிமாற்றம்), அவ்வளவுதான். கூடவே ஒரு டிராஃப்ட் உரிமைகூட (புது இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) கைமாறவில்லை. அடுத்த இரண்டாவது சீசனில் ஹால் 76 ஆட்டத்தில் 39 கோல், 54 அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்) எடுத்து 93 புள்ளியோடு லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் டிராஃபியை வாங்கினார். லார்சன் எட்மன்டனில் தன் முதல் சீசனில் எடுத்தது 19 புள்ளி. ஆனால் அதே சீசனில் எட்மன்டன் அணி, லீக் தரவரிசைப் பட்டியலில் 103 புள்ளியோடு, 2006க்குப் பிறகு முதல்முறையாக பிளேஆஃபில் நுழைந்தது.

ஒருவர் 93ஐக் காட்டி "படுமோசமான டிரேட்" என்கிறார். இன்னொருவர் 103ஐக் காட்டி "அணிக்கு அதுதான் தேவைப்பட்டது" என்கிறார். இருவர் சொல்லும் எண்ணும் சரி. நிறுக்கும் தராசுதான் வேறு. என்.எச்.எல். ஐஸ் ஹாக்கியில் டிரேடை எடைபோட ஐந்து கணக்குகள் புழக்கத்தில் உள்ளன: புள்ளிக் கணக்கு, மாற்று வீரர் கணக்கு, சம்பள இடக் கணக்கு, கிளைமரக் கணக்கு, அன்றைய நாள் கணக்கு. எந்த டிரேடுக்கு எதை எடுப்பது என்று தெரியாமல் குழம்பும் வாசகருக்காக, ஹால்–லார்சன் டிரேடைச் சோதனைப் பொருளாக வைத்து ஐந்தையும் ஒப்பிடுகிறோம்.

## கணக்கிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

முதலில் நஷ்டத்தையும் தவறையும் பிரித்துவிட வேண்டும். வாங்கிய வீரரின் முழங்கால் இரண்டாம் மாதத்தில் போனால் அணிக்கு நஷ்டம். அந்த முழங்காலில் பழைய காயம் இருந்து, மருத்துவ அறிக்கையைச் சரியாகப் பார்க்காமல் வாங்கியிருந்தால்தான் அது மேலாளரின் தவறு. மோசமான முடிவு எடுத்தும் கோப்பை தூக்கிய அணிகளும் உண்டு. ஆகவே ஒரு கணக்கு நல்லதா என்று பார்க்க முதல் கேள்வி: அது அதிர்ஷ்டத்தைப் பிரித்துக் காட்டுகிறதா?

இரண்டாவது, சம்பளம். என்.எச்.எல். அணிகளுக்கு 2005-06 முதல் கடுமையான சம்பள உச்சவரம்பு உண்டு. அந்த முதல் ஆண்டில் அது 3.9 கோடி டாலர், 2016-17இல் 7.3 கோடி, 2025-26இல் 9.55 கோடி. ஆண்டுக்கு 60 லட்சம் வாங்கும் வீரர் 2005-06இல் அணியின் சம்பள இடத்தில் (வரம்புக்குள் செலவழிக்கக்கூடிய தொகையில்) 15 சதவீதத்துக்கு மேல் அடைப்பார். 2016-17இல் 8 சதவீதம்தான். வெவ்வேறு காலத்து டிரேடுகளை ஒப்பிடும்போது டாலரை விட்டுவிட்டுச் சதவீதத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, தடுப்பாட்டக்காரர், கோல்கீப்பர், டிராஃப்ட் உரிமை எல்லாவற்றையும் ஒரே நியாயத்தோடு அளக்கிறதா என்பது. நான்காவது, தீர்ப்புக்கு எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது. ஐந்தாவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்: அன்றைக்கு வேறு வழி இருந்ததா? வேறு வழியே இல்லாத இடத்தில் நடந்த மோசமான டிரேடைத் தவறு என்று எழுதுவது நியாயமில்லை.

| கணக்கு | காத்திருக்க வேண்டிய காலம் | அதிர்ஷ்டம் பிரிகிறதா | சம்பளம் சேர்கிறதா | எல்லா இடத்து வீரருக்கும் பொருந்துமா | வேறு வழியைப் பார்க்கிறதா |
|---|---|---|---|---|---|
| புள்ளி | 1–2 சீசன் | இல்லை | இல்லை | முன்கள வீரருக்கு மட்டும் | இல்லை |
| மாற்று வீரர் | 2–3 சீசன் | ஓரளவு | இல்லை | கோல்கீப்பரில் தடுமாறும் | இல்லை |
| சம்பள இடம் | ஒப்பந்தம் முடியும்வரை | இல்லை | ஆம் | ஆம் | ஓரளவு |
| கிளைமரம் | 5–10 ஆண்டு | இல்லை | இல்லை | ஆம் | இல்லை |
| அன்றைய நாள் | காத்திருக்க வேண்டாம் | ஆம் | ஆம் | ஆம் | ஆம் |

அட்டவணையில் கடைசி வரிசை எல்லாக் கட்டத்திலும் ஜெயிப்பதுபோலத் தெரியும். அதற்கும் ஒரு விலை உண்டு, அதன் இடத்தில் வருகிறது.

## புள்ளிக் கணக்கு

கோலையும் அசிஸ்டையும் கூட்டி, போனவருக்கும் வந்தவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது. பத்து நிமிட வேலை. இருவரும் முன்கள வீரர்களாக இருந்து, வித்தியாசமும் மலைக்கும் மடுவுக்கும் ஆனதாக இருந்தால் இதுவே போதும்.

இதற்குப் பொருத்தமான டிரேட் ஃபிலிப் ஃபோர்ஸ்பெர்க்குடையது. 2013 ஏப்ரல் 3இல் வாஷிங்டன் கேப்பிடல்ஸ், 18 வயது ஃபோர்ஸ்பெர்க்கை நாஷ்வில்லுக்குக் கொடுத்து மார்ட்டின் எராட்டையும் மைக்கேல் லாட்டாவையும் வாங்கியது. எராட் வாஷிங்டனுக்காக வழக்கமான சீசனில் ஆடியது 62 ஆட்டம், போட்டது 2 கோல். ஓராண்டுக்குள் அவரும் போய்விட்டார். ஃபோர்ஸ்பெர்க் 2023-24இல் 48 கோல் போட்டு நாஷ்வில் அணியின் ஒரு சீசன் சாதனையையே தன் பெயருக்கு எழுதிக்கொண்டார். இங்கே நுணுக்கமான மாதிரி எதுவும் தேவையில்லை.

ஆனால் இந்தக் கணக்கு சறுக்கும் இடங்கள் நிறைய. ஒரே சீசனை வைத்துத் தீர்ப்புச் சொல்வது முதல் சறுக்கல். வில்லியம் கார்ல்சன் 2016-17இல் கொலம்பஸுக்காக 6 கோல் போட்டார். விரிவாக்க டிராஃப்டில் (புதிதாகச் சேரும் அணி மற்ற அணிகளிலிருந்து வீரர்களை எடுக்கும் முறை) வேகாஸுக்குப் போன அடுத்த சீசனில் 43. அதற்கடுத்த சீசனில் 24. அந்த 43இல் அவர் அடித்த ஷாட்டுகளில் 23 சதவீதத்துக்கு மேல் கோலானது. எந்த முன்கள வீரரும் ஆண்டுக்கு ஆண்டு தக்கவைக்க முடியாத அளவு அது. யாருடைய புள்ளி திடீரென்று ஏறினாலும் முதலில் ஷாட்–கோல் சதவீதத்தை அவருடைய முந்தைய நான்கைந்து சீசன் சராசரியோடு வைத்துப் பாருங்கள். பிறகு பவர்பிளேயில் (எதிரணி வீரர் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) வந்த புள்ளியைத் தனியே எடுத்து வையுங்கள். புது அணியில் முதல் பவர்பிளே கூட்டணியில் இடம் கிடைத்தாலே ஒருவருக்குப் புள்ளி கூடிவிடும். அது வீரர் மாறியதால் வந்ததல்ல, இடம் மாறியதால் வந்தது.

இன்னொரு சறுக்கல் கூட்டல். ஒருவரைக் கொடுத்து மூவரை வாங்கினால் மூவர் புள்ளியையும் கூட்டி "லாபம்" என்பார்கள். ஓர் ஆட்டத்துக்கு 18 வீரர்களும் 2 கோல்கீப்பர்களும்தான். தலா 40 புள்ளி எடுக்கும் மூவர், 120 புள்ளி எடுக்கும் ஒருவருக்கு ஈடாவதில்லை. அந்த ஒருவர் ஓர் இடத்தில் செய்வதை இவர்கள் மூன்று இடத்தை அடைத்துக்கொண்டு செய்கிறார்கள்.

ஹால்–லார்சனுக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. ஹால் நியூ ஜெர்சியில் 211 ஆட்டத்தில் 208 புள்ளி எடுத்தார் என்பது உண்மை. ஆனால் எதிரணியின் முதல் வரிசையைத் தடுப்பதற்காக வாங்கப்பட்ட தடுப்பாட்டக்காரரை அந்த எண்ணோடு நிறுத்துவது, சமையல்காரரையும் காவல்காரரையும் யார் அதிகம் தோசை சுட்டார் என்று கேட்பதுபோல.

## மாற்று வீரர் கணக்கு

ஜி.ஏ.ஆர்., டபிள்யூ.ஏ.ஆர். என்ற பெயர்களில் வருவது. சந்தையில் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எளிதாகக் கிடைக்கும் சாதாரண வீரர் ஒருவரைவிட இவர் எத்தனை கோல் கூடுதலாகத் தந்தார், அல்லது தடுத்தார் என்பதே அளவு. சுமார் 6 கோல் வித்தியாசத்தை ஒரு வெற்றிக்குச் சமமாக எடுப்பது வழக்கம்.

தடுப்பாட்டக்காரர்களை ஒப்பிடப் புள்ளிக் கணக்கைவிட இது எவ்வளவோ மேல். ஹால் டிரேடான அதே நாளில் நடந்த இன்னொன்றைப் பாருங்கள்: மான்ட்ரியல் பி.கே. சுபானைக் கொடுத்து நாஷ்வில்லிடமிருந்து ஷே வெபரை வாங்கியது. இருவரும் தடுப்பாட்டக்காரர்கள், இருவரும் பெரிய ஷாட்டுக்குப் பேர்போனவர்கள். வித்தியாசம், பனிமேடையில் அவர்கள் இருக்கும்போது பக் (ஆட்ட வட்டு) எந்தப் பக்கம் அதிகம் நகர்கிறது என்பதில்தான் தெரியும். புள்ளிப் பட்டியலில் அது தெரியாது.

செய்யும் முறை இது. ஒரு சீசன் வேண்டாம், டிரேடுக்கு முந்தைய மூன்று சீசனை எடுங்கள்; அண்மைய சீசனுக்குக் கூடுதல் எடை கொடுங்கள். இரு அணியும் ஐவர் ஐவராக ஆடிய நேரத்தை மட்டும் தனியே பாருங்கள். எண்ணை 60 நிமிடத்துக்கு எவ்வளவு என்று மாற்றுங்கள். குறைந்தது இரண்டு வெவ்வேறு கணித மாதிரிகளைப் பாருங்கள். இரண்டும் ஒரு வெற்றிக்கு மேல் முரண்பட்டால் எந்த எண்ணையும் நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள்.

எங்கே கெடும்? முதலாவது, ஜோடி. தடுப்பாட்டக்காரர் எப்போதும் இன்னொருவரோடு சேர்ந்துதான் களமிறங்குகிறார். லார்சன் எட்மன்டனில் பெரும்பாலும் ஆஸ்கர் கிளெஃப்பாமோடு ஆடினார். ஒருவரின் நல்ல எண்ணில் மற்றவரின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கக் கணிதம் முயல்கிறது, முழுதாகப் பிரிவதில்லை. இரண்டாவது, காலம். ஆட்டத்தின் ஒவ்வொரு ஷாட்டையும் அது அடிக்கப்பட்ட இடத்தோடு பதிவுசெய்த விவரம் பொதுமக்களுக்குக் கிடைப்பது 2007-08இலிருந்துதான். 1988இன் கிரெட்ஸ்கி டிரேடையும் 1992இன் லின்ட்ரோஸ் டிரேடையும் இந்த முறையில் அளந்ததாக யாராவது சொன்னால், அது கோலையும் அசிஸ்டையும் வேறு சட்டையில் போட்டுக் காட்டுவதுதான். மூன்றாவது, கோல்கீப்பர். இந்த ஆண்டு லீக்கில் முதலிடத்தில் இருப்பவர் அடுத்த ஆண்டு நடுவில் கிடப்பது சாதாரணம். கோல்கீப்பர் டிரேடுக்கு மூன்று சீசனுக்குக் குறைவான எண்ணைத் தொடவே வேண்டாம்.

## சம்பள இடக் கணக்கு

உச்சவரம்பு இருக்கும் லீக்கில் ஒவ்வொரு டிரேடும் வீரரோடு ஓர் ஒப்பந்தத்தையும் கைமாற்றுகிறது. ஒப்பந்தம்தான் பல நேரம் பெரிய பொருள்.

ஹால் அன்று ஆண்டுக்கு 60 லட்சம் டாலர், இன்னும் நான்கு சீசன் பாக்கி. லார்சன் ஆண்டுக்குச் சுமார் 41.7 லட்சம், ஐந்து சீசன் பாக்கி. எட்மன்டனுக்கு மிச்சம் 18.3 லட்சம். இரண்டே நாளில், ஜூலை 1 அன்று, எட்மன்டன் மிலன் லூசிச்சை ஏழு ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 60 லட்சம் என்று ஒப்பந்தம் செய்தது. "ஹால் போனார், அந்த இடத்தில் லார்சனும் லூசிச்சும் வந்தார்கள்" என்று அணிக்குச் சாதகமாகப் பேசுவோர் இங்கே கூட்டலில் தவறுகிறார்கள். லார்சனும் லூசிச்சும் சேர்ந்து அடைத்தது 1 கோடியே 1.7 லட்சம். ஹால் விட்டுப்போன இடம் 60 லட்சம். மீதி 41.7 லட்சம் அணியின் வேறு இடத்திலிருந்து வந்தது. லூசிச் முதல் சீசனில் 50 புள்ளி, அடுத்து 34, அதற்கடுத்து 20. 2019 ஜூலையில் அவரைக் கால்கரிக்குத் தள்ளிவிடும்போது எட்மன்டன் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கைத் தானே சுமக்க ஒப்புக்கொண்டது.

மறைந்திருக்கும் செலவுகளைத் தேட வேண்டிய இடங்கள் சில. முன்னாள் அணி தன் கணக்கில் வைத்துக்கொண்ட சம்பளப் பங்கு (பாதிவரைதான் வைத்துக்கொள்ளலாம்). டிரேட் மறுப்பு உரிமை எப்போது தொடங்குகிறது என்பது: சுபானின் அந்த உரிமை 2016 ஜூலை 1இல் நடைமுறைக்கு வர இருந்தது, டிரேட் நடந்தது ஜூன் 29. அந்தத் தேதியைப் பார்க்காமல் மான்ட்ரியலின் அவசரம் புரியாது. பிறகு ஒப்பந்தத்தின் வால், அதாவது அதன் கடைசி ஆண்டுகள். வெபரின் ஒப்பந்தம் 2012இல் ஃபிலடெல்ஃபியா கொடுத்த 14 ஆண்டு, 11 கோடி டாலர் விலைக்கு நாஷ்வில் ஈடுகொடுத்து உருவானது, 2025-26வரை ஓடுவது. அவர் மான்ட்ரியலின் கேப்டனாக 2021 இறுதிப்போட்டிவரை அணியைக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு காயத்தால் ஆடவே இல்லை. நான்கு சீசன் பாக்கியிருந்த அந்த ஒப்பந்தத்தை அடுத்த ஆண்டு வேகாஸ் வாங்கிக்கொண்டது. சுபானின் ஒப்பந்தம் ஆண்டுக்கு 90 லட்சமானாலும் 2022இலேயே முடிந்தது. அவரும் அதோடு ஓய்வு பெற்றார். வயதை மட்டும் பார்த்தால் மூன்றேமுக்கால் ஆண்டு வித்தியாசம், வாலைப் பார்த்தால் நான்கு சீசன் வித்தியாசம். இரண்டும் மான்ட்ரியலுக்கு எதிரான பக்கம்.

இந்தக் கணக்கு தரும் பெரிய மயக்கம் ஒன்று உண்டு: பின்னால் கிடைத்த நன்மையை முன்னால் நடந்த டிரேடின் கணக்கில் எழுதிவிடுவது. பாஸ்டன் 2005 நவம்பர் 30இல் ஜோ தார்ன்டனை சான் ஹொசேக்குக் கொடுத்து மார்கோ ஸ்டர்ம், பிராட் ஸ்டூவர்ட், வெய்ன் பிரிமோ மூவரை வாங்கியது. தார்ன்டன் அந்த சீசனை 125 புள்ளியோடு முடித்து ஹார்ட் டிராஃபி வாங்கினார். பாஸ்டனின் பொது மேலாளர் மைக் ஒகானல் சீசன் முடிவதற்கு முன்பே வேலை இழந்தார். அடுத்த ஜூலை 1இல் பாஸ்டன் ஸ்டெனோ சாராவையும் மார்க் சவார்டையும் ஒப்பந்தம் செய்தது. 2011இல் சாரா கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். "தார்ன்டன் போகாவிட்டால் சாராவுக்கு இடமில்லை" என்ற வாதம் எண்களில் ஓரளவு நிற்கும்: தார்ன்டனின் 66.7 லட்சமும் சாராவின் 75 லட்சமும் சேர்ந்தால், அந்த ஆண்டின் 4.4 கோடி வரம்பில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும். ஆனால் நவம்பரில் டிரேட் செய்தவரின் திட்டத்தில் சாரா இருந்திருக்க முடியாது. இடம் எதற்கென்று டிரேட் நாளிலேயே தெரிந்திருந்தால் அதை வரவில் எழுதுங்கள். தெரியாவிட்டால் அது அடுத்து வந்தவரின் கெட்டிக்காரத்தனம். எங்கள் பார்வையில் தார்ன்டன் டிரேட் கோப்பைக்குப் பிறகும் தவறுதான்.

## கிளைமரக் கணக்கு

வாங்கிய வீரரை விற்று எதை வாங்கினார்கள், அதை விற்று எதை வாங்கினார்கள் என்று கிளை கிளையாகப் போவது. படிக்கச் சுவையானது, அதனாலேயே அதிகம் ஏமாற்றுவது.

இது கட்டாயம் தேவைப்படும் டிரேட் வெய்ன் கிரெட்ஸ்கியுடையது. 1988 ஆகஸ்ட் 9இல் எட்மன்டன் அவரையும் மேலும் இருவரையும் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்து ஜிம்மி கார்சன், மார்ட்டின் ஜெலினா, மூன்று முதல் சுற்று உரிமைகள், கூடவே 1.5 கோடி அமெரிக்க டாலர் ரொக்கம் வாங்கியது. கார்சன் முதல் சீசனில் 100 புள்ளி எடுத்தார். 1989 நவம்பரில் அவரை டெட்ராய்ட்டுக்கு விற்றபோது பீட்டர் கிளீமா, ஜோ மர்ஃபி, ஆடம் கிரேவ்ஸ் உள்ளிட்டோர் வந்தார்கள். அடுத்த வசந்தத்தில் எட்மன்டன் கோப்பை வென்றது. அந்த இறுதிப்போட்டியின் முதல் ஆட்டத்தில் மூன்றாவது கூடுதல் நேரத்தில் வெற்றி கோல் போட்டவர் கிளீமா. முதல் கிளையோடு நிறுத்தினால் இந்தக் கதை பாதிதான் தெரியும். ஆனாலும் 1990 கோப்பை கிரெட்ஸ்கியை விற்றது சரி என்பதற்கு நிரூபணம் ஆகாது; மெஸ்ஸியே, குர்ரி, டிக்கானென் எல்லாம் ஏற்கெனவே அங்கேயே இருந்தவர்கள்.

ஹாலின் கிளை எட்மன்டன் பக்கம் பட்டுப்போனது. 2021 கோடையில் லார்சன் சியாட்டிலோடு ஒப்பந்தம் செய்துகொண்டு விரிவாக்க டிராஃப்ட் வழியாகப் போய்விட்டார். பதிலுக்கு எதுவும் வரவில்லை. நியூ ஜெர்சி பக்கம் தழைத்தது. 2019 டிசம்பரில் ஹாலை அரிசோனாவுக்கு விற்றபோது வந்த முதல் சுற்று உரிமையில் 18ஆம் இடத்தில் டாசன் மெர்சர் தேர்வானார். கூட வந்த கெவின் பாலை, 2025 முதல் சுற்று உரிமையோடு சேர்த்து 2024 ஜூனில் கால்கரிக்குக் கொடுத்து, கோல்கீப்பர் ஜேக்கப் மார்க்ஸ்ட்ரோமை வாங்கினார்கள்.

இங்கேதான் கேள்வி. மார்க்ஸ்ட்ரோமில் ஹாலின் பங்கு எவ்வளவு? பாலோடு போன அந்த முதல் சுற்று உரிமைக்கும் ஹாலுக்கும் சம்பந்தமில்லை. முழு வரவையும் 2016 டிரேடின் பேரில் எழுதினால் கணக்கு பொய்யாகும். மூன்று விதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிளைக்கு மேல் போகாதீர்கள். வெளியிலிருந்து வேறு சொத்து சேரும் இடத்தில் பங்கைப் பிரியுங்கள், பிரிக்க முடியாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பொது மேலாளர் மாறிய பிறகு நடந்ததை முதல் மேலாளரின் புத்திசாலித்தனத்தில் சேர்க்காதீர்கள்.

டிராஃப்ட் உரிமைகளுக்குப் பெயர் வைப்பதும் இந்தக் கணக்கின் கெட்ட பழக்கம். டொராண்டோ 2009 செப்டம்பரில் ஃபில் கெஸ்ஸலை பாஸ்டனிடமிருந்து வாங்க 2010, 2011 முதல் சுற்று உரிமைகளையும் ஓர் இரண்டாம் சுற்று உரிமையையும் கொடுத்தது. அவற்றில் ஒன்று 2ஆம் இடமாகி டைலர் செகின் ஆனார். மற்றொன்று 9ஆம் இடமாகி டக்கி ஹாமில்டன் ஆனார். ஸ்கார்பரோ தமிழ்ப் பிள்ளைகள்வரை டொராண்டோ ரசிகர்கள் இன்றும் "செகினையும் ஹாமில்டனையும் கொடுத்து கெஸ்ஸலா" என்றுதான் கேட்பார்கள். கொடுத்தது செகினை அல்ல; எந்த இடத்தில் விழும் என்று தெரியாத சீட்டை. தவறு, அந்தச் சீட்டுக்கு எந்தக் காப்பும் வைக்காதது. முந்தைய சீசனில் பிளேஆஃபை எட்டாத அணி, "முதல் பத்துக்குள் விழுந்தால் அடுத்த ஆண்டு தருகிறோம்" என்ற ஒரு வரியைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கெஸ்ஸல் ஆறு சீசனில் 394 புள்ளி எடுத்தார், குறை அவரிடம் இல்லை.

## அன்றைய நாள் கணக்கு

டிரேட் நடந்த தேதியில் நாட்காட்டியை நிறுத்திவிட்டு, அன்றுவரை தெரிந்ததை மட்டும் மேசைமேல் வைத்துத் தீர்ப்பது. அதிர்ஷ்டத்தை வெளியே நிறுத்தும் ஒரே கணக்கு இது. விலை என்னவென்றால், உழைப்பு அதிகம். அதோடு, இன்று தெரிந்ததை மறப்பது மிகக் கடினம். ஹார்ட் டிராஃபியைப் பார்த்துவிட்டவருக்கு 2016இன் ஹாலைப் பார்ப்பது எளிதல்ல. ஆகவே எழுதிக்கொண்டே செய்யுங்கள்.

முதல் தாளில் வயது, ஒப்பந்தம், கடந்த மூன்று சீசன். ஹால் 24 வயது, முந்தைய சீசனில் 82 ஆட்டத்தில் 65 புள்ளி. அதற்கு முந்தைய ஆண்டுகளில் காயங்கள் உண்டு. லார்சன் 23 வயது, வலக்கை ஆட்டக்காரர், ஆட்டத்துக்கு 22 நிமிடத்துக்கு மேல் களத்தில் நின்றவர். 2011 டிராஃப்டின் 4ஆம் இடம்.

இரண்டாம் தாளில் சந்தை விலை. அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுக்குள் இதே வகைப் பொருள் என்ன விலைக்குப் போனது? 2016 ஜனவரியில் கொலம்பஸ் தன் முதன்மை சென்டர் (நடு முன்கள வீரர்) ரையன் ஜோஹன்சனைக் கொடுத்து நாஷ்வில்லின் சேத் ஜோன்ஸை வாங்கியது, அதுவும் ஆளுக்கு ஆள். 2015 ஜூன் 26இல் பாஸ்டன் 22 வயது டக்கி ஹாமில்டனை கால்கரிக்கு 15, 45, 52 ஆகிய மூன்று டிராஃப்ட் இடங்களுக்குக் கொடுத்தது. வலக்கைத் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பஞ்சம் என்பது உண்மை. ஜோன்ஸ் விலை அதைக் காட்டுகிறது. ஆனால் ஜோன்ஸும் ஹாமில்டனும் அன்று லார்சனைவிட மேலாக மதிக்கப்பட்டவர்கள். அவர்களின் விலையையே லார்சனுக்குக் கொடுத்தது, ஒரு படி கூடக் கொடுத்தது.

மூன்றாம் தாளில் அவசரம். விற்பவரின் கழுத்தில் கத்தி இருந்ததா? மான்ட்ரியலில் 1995 டிசம்பர் 2 அன்று டெட்ராய்ட்டிடம் 11–1 என்று தோற்றபோது கோல்கீப்பர் பேட்ரிக் ருவா அணியின் நிர்வாகத் தலைவரிடம் இதுவே தன் கடைசி ஆட்டம் என்று சொல்லிவிட்டார். நான்கே நாளில் அவரை கொலராடோவுக்கு விற்றார்கள். அவர் ஜூனில் கோப்பை வாங்கினார். உலகுக்கே தெரிந்த அவசரத்தில் விற்பவருக்கு நல்ல விலை வராது, ஆனால் அந்த நான்கு நாளை நாற்பது நாளாக்கும் உரிமை மான்ட்ரியலிடம்தான் இருந்தது. 2022 ஜூலையில் கால்கரியின் நிலை வேறு. ஜானி காட்ரோ ஃப்ரீ ஏஜென்டாக (ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகலாம் என்ற நிலையில்) பதிலுக்கு எதுவுமின்றிப் போய்விட்டார். மேத்யூ கச்சக் நீண்ட ஒப்பந்தம் செய்ய மாட்டேன் என்றார். ஓராண்டில் அவரும் ஃப்ரீ ஏஜென்ட். அந்த நெருக்கடியில் கச்சக்கைக் கொடுத்து, 115 புள்ளி எடுத்திருந்த ஹூபர்டோ, முதல் ஜோடித் தடுப்பாட்டக்காரர் வீகர், இன்னொரு இளைஞர், நிபந்தனையோடு ஒரு முதல் சுற்று உரிமை என்று ஃப்ளோரிடாவிடம் வாங்கியது, அன்றைய தாளில் பார்த்தால் நல்ல டிரேட். ஃப்ளோரிடா 2024, 2025 கோப்பைகளை வென்றதால் அது தவறாகிவிடாது. தவறு இரண்டு வாரம் கழித்து நடந்தது: 29 வயது ஹூபர்டோ கால்கரிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடுமுன் எட்டு ஆண்டு, 8.4 கோடி டாலர் ஒப்பந்தம். அடுத்த சீசனில் அவர் எடுத்தது 55 புள்ளி. டிரேடும் ஒப்பந்தமும் இரண்டு தனி முடிவுகள், தனித்தனித் தாளில் எழுதுங்கள்.

கடைசித் தாளில் வேறு வழிகள். ஒன்றும் செய்யாமல் இருப்பதையும் ஒரு வழியாக எழுத வேண்டும்.

## எந்த டிரேடுக்கு எது?

முன்கள வீரருக்கு முன்கள வீரர், வயதும் அருகருகே, டிரேட் நடந்து இரண்டு சீசன் ஆகிவிட்டது: புள்ளிக் கணக்கு போதும், பவர்பிளேயைப் பிரித்துவிட்டு. தடுப்பாட்டக்காரர் சம்பந்தப்பட்டால் மாற்று வீரர் கணக்கு. 2007க்கு முந்தையது என்றால் அதைத் தொடாமல் களத்தில் நின்ற நிமிடங்களைப் பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு மேல் ஒப்பந்தப் பாக்கி இருந்தால், எந்த இடத்து வீரரானாலும் சம்பள இடக் கணக்கைத் தவிர்க்க முடியாது. ஒப்பந்த விவரங்களுக்கு முன்பு எல்லோரும் கேப்ஃபிரண்ட்லி தளத்துக்குப் போவார்கள். 2024இல் வாஷிங்டன் அணி அதை வாங்கி மூடிவிட்டதால் இப்போது பக்பீடியாதான் பெரும்பாலோரின் இடம். டிராஃப்ட் உரிமைகள் மட்டுமே வந்த டிரேடுக்குக் கிளைமரம் தேவை, ஆனால் குறைந்தது ஐந்து ஆண்டு கழித்து.

டிரேட் நேற்றுத்தான் நடந்தது, இன்றே கருத்துச் சொல்ல வேண்டும் என்றால் அன்றைய நாள் கணக்கைத் தவிர வேறெதுவும் இல்லை. மேலாளரை வேலையில் வைப்பதா நீக்குவதா என்ற கேள்விக்கும் அதுவேதான்.

## ஹால்–லார்சன் தீர்ப்பு

புள்ளிக் கணக்கு செல்லாது. மாற்று வீரர் கணக்கில் ஹால் முன்னே, ஆனால் 93ஐயும் 19ஐயும் பக்கத்தில் வைத்தால் தெரிவதைவிடக் குறைந்த தூரத்தில். சம்பள இடத்தில் 18.3 லட்சம் மிச்சமானது, லூசிச்சில் கரைந்தது. கிளைமரத்தில் எட்மன்டனுக்குப் பூஜ்யம்.

அன்றைய தாளில் எட்மன்டனுக்கு அவசரம் எதுவும் இல்லை. ஹாலுக்கு நான்கு சீசன் பாக்கி, ஆண்டுதோறும் வரம்பு ஏற ஏற மலிவாகிக்கொண்டே போகும் விலையில். அதைக் கொடுக்கும்போது கூட ஓர் இரண்டாம் சுற்று உரிமைகூடக் கேட்டு வாங்காதது தவறு. அணியின் தேவை உண்மையானது, கொடுத்த விலைதான் கூடிவிட்டது.

ஆனால் அந்தத் தேவை எங்கிருந்து வந்தது என்று ஓராண்டு பின்னால் போய்ப் பாருங்கள். 2015 ஜூன் 26இல், ஹாமில்டனை கால்கரி 15, 45, 52க்கு வாங்கிய அதே நாளில், எட்மன்டன் தன் கையிலிருந்த 16ஐயும் 33ஐயும் நியூயார்க் ஐலண்டர்ஸுக்குக் கொடுத்துத் தடுப்பாட்டக்காரர் கிரிஃபின் ரைன்ஹார்ட்டை வாங்கியது. ரைன்ஹார்ட் எட்மன்டனுக்காக ஆடியது 29 ஆட்டம். 2017 விரிவாக்க டிராஃப்டில் வேகாஸ் அவரை எடுத்துக்கொண்டது. அந்த 16ஆம் இடத்தில் ஐலண்டர்ஸ் எடுத்த மேத்யூ பார்சல் 2018இல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் டிராஃபி வாங்கினார். பார்சல் என்ற பெயரை ஒதுக்கிவிடுங்கள், அது பின்னால் தெரிந்தது. ஒதுக்கிய பிறகும், நிரூபணமான தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு ஏறக்குறைய அதே விலை அன்றே சந்தையில் இருந்தது. அந்த இரண்டு இடங்களையும் அப்படிச் செலவழித்திருந்தால், அடுத்த ஜூனில் தடுப்பாட்டக்காரருக்காக ஹாலைத் தட்டில் வைக்க வேண்டிய நிலையே எட்மன்டனுக்கு வந்திருக்காது. இரண்டு டிரேடில் ஒன்றைத்தான் தவறு என்று குறிக்கலாம் என்றால், நாங்கள் குறிப்பது ரைன்ஹார்ட்டை வாங்கியதை.